பாளையங்கோட்டையில் ஒரு மனநல கிளினிக்: தூக்கம் கெட்டவர்களுக்குப் பரவாயில்லையா?

2023 டிசம்பர் வெள்ளத்தில் மீனாட்சிபுரம் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதிலிருந்தே சித்திக்கு ராத்தூக்கம் போச்சு, மழை லேசாகத் தூறினாலே எழுந்துபோய் வாசல்படியில் டார்ச் அடித்துப் பார்ப்பாள். தூக்க மாத்திரை எழுதி அனுப்புகிறவர்களைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இங்கே கூட்டிப்போனோம்.

டாக்டரின் முதல் கேள்வியே, "எந்தச் சத்தம் கேட்டா நெஞ்சு படபடங்குதும்மா?" அதிர்ச்சிக்குப் பிறகு மூளை காவலை விடாது, அதனால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் பயம் ஆறாது, மனச்சோர்வும் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று எங்களுக்கும் புரிகிற மாதிரிச் சொன்னார். அப்புறம் ஒரு பயிற்சி: கெட்ட கனவின் முடிவை மாற்றி எழுதி, பகலில் தினமும் மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். சித்தி கனவில் கட்டில் வரை வந்த தண்ணீர் இப்போது நடைப்படியோடு வடிந்துவிடுகிறதாம்! தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்துவிடணும், எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் விழிக்கணும், மதியத் தூக்கம் கூடாது. கடைசி விஷயத்தில்தான் சித்திக்கு டாக்டர் மேல் கோபம்.

குறை இல்லாமல் இல்லை. டோக்கன் போட்டும் காத்துக் கிடக்கணும், ஹாலில் டிவி அலறுகிறது, ரிசப்ஷனில் என்ன பிரச்சினை என்று எல்லார் முன்னாடியும் கேட்கிறார்கள். மனநல கிளினிக்கில் இது சரியே இல்லை.

ராத்திரியில் திடீரென்று பயம் பிடித்தால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம். கிளினிக்குக்குப் போகிறவர்கள் காலையிலேயே போங்க, சாயங்காலம் கூட்டம் தாங்காது.