பாங்காக் அரண்மனை "இன்று மூடியிருக்கிறது" என்று யாராவது சொன்னால்

போன மாதம் நானும் மனைவியும் பாங்காக் போயிருந்தோம். கடைசி நாளை கிராண்ட் பேலஸுக்கும் அதற்குள் இருக்கும் மரகத புத்தர் கோயிலுக்கும் என்றே ஒதுக்கியிருந்தோம். கடைசியில் வெளி மதிலைத்தான் பார்த்துவிட்டு வந்தோம்.

சனாம் சாய் மெட்ரோவில் இறங்கி மதிலோரமாக நடந்தபோது ஒரு வாசல் சாத்தியிருந்தது. பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டையுடன் ஒருவர். "பிக்குகள் பூஜை நடக்கிறது, 2 மணிக்குத்தான் திறப்பார்கள்" என்றார். நம்பாமல் என்ன செய்வது? கதவு கண்ணெதிரே மூடித்தானே இருக்கிறது! அந்த அரண்மனைக்கு வாசல்கள் பல. சுற்றுலாப் பயணிகளை விடுவது வடக்கே நா ப்ரா லான் சாலையில் இருக்கும் வாசல் வழியாக. மற்றவை சாத்தியே கிடக்கும். இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அதுவரை 32 மீட்டர் உயர நின்ற புத்தரைப் பார்த்து வரலாம் என்று எங்கள் வரைபடத்திலேயே வட்டம் போட்டுக் கொடுத்து, அவரே டுக்டுக்கையும் (அங்கத்திய ஆட்டோ) கூப்பிட்டார். போக வர 20 பாட் (தாய்லாந்து பணம்). அந்தக் காசுக்கு பாங்காக்கில் வண்டியை ஸ்டார்ட் கூடப் பண்ண மாட்டார்கள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

புத்தர் உண்மையில் அழகு, குறை சொல்ல மாட்டேன். அங்கே பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒருவர், அரசாங்க நீலக்கல் விற்பனை இன்றோடு முடிகிறது, போன வருஷம் தானும் வாங்கியதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். டுக்டுக்காரர் நேராக அந்தக் கடைக்கே விட்டார். "பத்து நிமிஷம் உள்ளே பாருங்கள், எனக்கு பெட்ரோல் கூப்பன் கிடைக்கும்" என்று கெஞ்சல் வேறு. மூன்று பேர் சொல்வதும் ஒன்றோடொன்று பொருந்தினால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். மூவரும் ஒரே கூட்டம் என்று தோன்றவில்லை. 14,000 பாட்டுக்கு ஒரு மோதிரம். வெளியே வந்தால் டுக்டுக்கைக் காணோம்.

வேறு வண்டி பிடித்து அரண்மனைக்கு வந்தபோது மணி 3:40. டிக்கெட் கவுன்ட்டர் 3:30-க்கே மூடிவிடும். காலை 8:30-லிருந்து திறந்துதான் இருந்ததாம்.

ஊருக்கு வந்து எங்கள் நகைக்கடைக்காரரிடம் காட்டினேன். செயற்கைக் கல்லாம், 3,000 ரூபாய் தேறினால் பெரிது என்றார்.

போகிறவர்கள் யார் என்ன சொன்னாலும் நா ப்ரா லான் வாசல்வரை நடந்துபோய்க் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் ஊர் திரும்பும்வரை காத்திராமல் அங்கிருந்தே 1155-க்கு, அதாவது சுற்றுலா போலீசுக்கு, போன் போடுங்கள். எங்களுக்கு மறுநாள் விடியற்காலை விமானம்.