‘ஃபுல் இன்ஜின் வேலை, ஒரு வருஷம் வாரண்டி’: வண்டியை விடும் முன் இதைப் படியுங்கள்

கோவையில் இன்ஜின் வேலைக்குக் காரை விடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேஸ் நடப்பதால் கேரேஜ் பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள்.

வண்டி 2013 ஸ்விஃப்ட் டீசல். நீலப் புகை, ஆயில் குறைகிறது, பிக்கப் சுத்தமாக இல்லை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம்) பார்த்துவிட்டு ஃபுல் இன்ஜின் வேலை என்றார்கள். சிலிண்டரைக் கடைந்து (போர் செய்து) கொஞ்சம் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கிரைண்டிங், அந்தத் தண்டைத் தாங்கும் புது பேரிங், டைமிங் செயின், ஹெட் வேலை, எல்லாம் சேர்த்து 92,000 ரூபாய். பில்லிலேயே சீல் வைத்து ஒரு வருடம் அல்லது 20,000 கி.மீ. வாரண்டி என்று எழுதியும் கொடுத்தார்கள். அதாவது வாய்ப்பேச்சை நம்பி ஏமாந்த கதை இல்லை இது, எழுதிக் கொடுத்துவிட்டே கையை விரித்த கதை.

நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. வண்டி சூடானதும் சிக்னலில் நின்றால் ஆயில் பிரஷர் லைட் மினுக்கும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அணையும், கீழேயிருந்து லேசாக டொக் டொக் சத்தம். கொண்டுபோய்க் காட்டினால் “சென்சார் கம்ப்ளைன்ட்டுங்க, ஒண்ணுமில்ல” என்று சென்சாரை மாற்றி, கூடவே ஆயிலையும் மாற்றி அனுப்பினார்கள். சத்தம் நின்றது. பிறகுதான் தெரிந்தது, ஊற்றியது கம்பெனி சொல்வதைவிட ரொம்பக் கெட்டியான ஆயில். தேய்ந்த பேரிங்கில் கெட்டி ஆயில் போனால் பிரஷர் கொஞ்சம் ஏறும், சத்தம் அடங்கும், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். சென்சாரைக் கழற்றிய இடத்தில் ஒரு பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே உண்மை தெரிந்திருக்கும். தெரியக் கூடாது என்றுதான் மாட்டவில்லை என்பது என் எண்ணம்.

அப்புறம் அவிநாசி தாண்டி பெருந்துறை போகும் வழியில் இன்ஜின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. போன் செய்தால் ஓனர் பாசமாக, “வண்டிய நம்ம ஷெட்டுக்கே கொண்டு வந்துருங்க, நான் பாத்துக்கறேன்” என்றார். இந்த இடத்தில்தான் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும். நீங்கள் இல்லாத நேரத்தில் அவர்கள் இன்ஜினைப் பிரித்துவிட்டால் உள்ளே என்ன இருந்தது என்பதற்கு அவர்கள் வாய்தான் சாட்சி. நான் வேறு ஒர்க்‌ஷாப்புக்கு ரெக்கவரி வண்டியில் ஏற்றிவிட்டு, இந்தத் தேதியில் பிரிக்கப் போகிறோம், உங்கள் ஆளை அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் எழுதினேன். யாரும் வரவில்லை.

இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சேம்பரைக் கழற்றுவதிலிருந்து முழுக்க வீடியோ எடுத்தோம். பேரிங்கில் மேல்பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது, அசையாமல் இருக்க வேண்டிய ஒரு பேரிங் இருந்த இடத்திலேயே சுற்றிக் கிடந்தது. கிராங்கின் ஆயில் துவாரத்துக்குள் கிரைண்டிங் தூள். கிரைண்டிங் முடிந்ததும் அந்தத் துவாரங்களைப் பிரஷ் விட்டுக் கழுவி ஏர் அடிக்க வேண்டும். செய்யாவிட்டால் அந்தத் தூள் ஆயிலோடு நேராகப் பேரிங்குக்குத்தான் போகும். ஆயில் பம்பும் பழையதே.

கேரேஜைக் கேட்டால், கிராங்கைக் கிரைண்டிங் செய்து கொடுத்த லேத்காரர் தப்பு. லேத்தில் கேட்டால், கழுவி மாட்டுவது மெக்கானிக் வேலை. பார்ட்ஸ் கடையில், பொருத்தியவரைக் கேளுங்கள். நான் பணம் கொடுத்தது கேரேஜுக்கு, பில்லும் ஒரே பில், லேத்தோடு எனக்கு என்ன சண்டை? நீங்களும் பில்லைப் பிரித்து வாங்காதீர்கள். கடைசியில் கேரேஜில் “வெளிய பிரிச்சீங்க, வாரண்டி போச்சு” என்றார்கள், அப்புறம் சமாதானமாக ஒரு செகண்ட் ஹேண்ட் இன்ஜின் மாட்டித் தருகிறோம் என்றார்கள். ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் நம்பர் வேறாகிவிடும், ஆர்.டி.ஓ.வில் பதிந்து மாற்றாவிட்டால் நாளைக்கு விற்கவும் முடியாது, இன்சூரன்ஸ் கிளெய்மிலும் சிக்கல். வேண்டாம் என்றுவிட்டேன். (இப்போதைய சேதத்துக்கும் இன்சூரன்ஸ் வராது, சாதாரண பாலிசி மெக்கானிக்கல் கோளாறைச் சேர்ப்பதில்லை.)

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிந்தேன். கேரேஜ் அசையவில்லை. வக்கீல் நோட்டீசுக்கும் பதில் இல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம், ஆனால் 2 வருடத்துக்குள் போட்டாக வேண்டும். டாக்ஸி ஓட்டுகிறவர்கள் நமக்குப் பொருந்தாது என்று விட்டுவிடாதீர்கள், பிழைப்புக்காகச் சொந்தமாக ஓட்டினால் நீங்களும் நுகர்வோர்தான்.

பழைய பேரிங்குகளும் கிராங்கும் என்னிடம்தான் இருக்கின்றன. ஆணையம் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னால் வேண்டும் என்பதால் திரும்பக் கிரைண்டிங்குக்குக் கொடுக்கவில்லை, அதனால் வண்டியும் ஓடவில்லை. போன வாரம் ஓனரே கூப்பிட்டு, “லேபர் நான் போட்டுக்கறேன், பார்ட்ஸ் மட்டும் வாங்கிக் குடுத்துட்டு கேஸ வாபஸ் வாங்கிருங்க” என்றார். சொல்வதை ஆணையத்தில் வந்து எழுதிக் கொடுங்கள் என்றேன். போனை வைத்துவிட்டார்.