ஆக்டின் தூள்: சரக்கு அருமை, கையேடுதான் படுத்துகிறது

முயல் தசையிலிருந்து பிரித்து, உறையவைத்து உலர்த்திய ஆக்டின்; இழைகளாகக் கோத்துக்கொள்ளும் புரதம். சைட்டோஸ்கெலிட்டன் (செல்லுக்கு உள்ளிருக்கும் சட்டகம்) வலைகளின் விறைப்பை, மாதிரியைத் தட்டுகளுக்கு இடையே வைத்து உருமாற்றி அளக்கும் ரியோமீட்டரில் பார்ப்பதற்காக வாங்கினோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

தூளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் 42 கிலோடால்டன் அருகே ஒரே பட்டை, சுத்தமாக. பொட்டாசியமும் மெக்னீசியமும் சேர்த்ததும் இழைகள் ஒழுங்காக வளர்கின்றன.

கையேடுதான் படுத்துகிறது. இழைகள் வளர்ந்த பிறகு 'பிப்பெட்டால் நன்கு கலக்கவும்' என்று போட்டிருக்கிறார்கள். எதற்கு? ஓர் ஆக்டின் இழையின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர்; நீளமோ 10, 20 மைக்ரோமீட்டர் வரை போகும். ஒடுங்கிய முனைக்குள் அதை உறிஞ்சித் தள்ளினால் துண்டு துண்டாகாமல் என்ன செய்யும்?

சந்தேகத்தைத் தீர்க்க இரண்டு மாதிரிகளை ஓட்டினேன். ஒன்று கையேட்டின்படி கலக்கியது. மற்றது, இழையாகும் முன்பே ரியோமீட்டர் தட்டுகளுக்கு இடையே ஊற்றி அங்கேயே வளரவிட்டது. ஆக்டின் செறிவும், இழைகளைக் குறுக்கே பிணைக்கும் ‘ஆல்ஃபா-ஆக்டினின்’ என்ற புரதத்தின் விகிதமும் ஒன்றுதான். கலக்கியது தொளதொளவென்று இருந்தது. திரிபை, அதாவது உருமாற்றும் அளவை, கூட்டக் கூட்ட மற்றது சட்டென்று விறைத்துக்கொண்டது. கலக்கியதோ வெகுநேரம் சும்மா கிடந்து, அப்புறம் லேசாக விறைத்து, உடனே விட்டுக்கொடுத்தது.

இதில் புதிர் ஏதுமில்லை. இழை அறுந்தால் அதன் இரு துண்டுகளின் நுனிகளும் அடுத்த பிணைப்பு வரை விசை சுமக்காத தொங்கல்களாகிவிடும். முப்பரிமாண வலை இழுவிசையை மட்டும் நம்பி நிற்க, ஒரு முடிச்சுக்குச் சராசரியாக 6 இணைப்புகள் வேண்டும். இரண்டு இழைகள் சந்திக்கும் முடிச்சில் 4-க்கு மேல் வராது. ஏற்கெனவே பற்றாக்குறைக் குடும்பம்; வளைவதற்கு இழைகள் காட்டும் எதிர்ப்பை வைத்துத்தான் சமாளிக்கிறது. அறுபட அறுபட இந்தச் சராசரி இன்னும் இறங்கும். வலையை விறைக்க வைக்கக் திரிபை இன்னும் கூட்ட வேண்டிவரும்.

கூடவே வரும் ஜெல்சோலின் (ஆக்டின் இழைகளை வெட்டும் புரதம்) குப்பி தங்கம். 370 ஆக்டின் மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில், கால்சியத்தோடு சேர்த்தால் சராசரி நீளம் 1 மைக்ரோமீட்டரை ஒட்டி வரும். உடைப்பை ஆராய நினைப்பவர்கள் இதை வைத்து உடையுங்கள். பிப்பெட்டில் எவ்வளவு உடைந்தது என்பதற்குக் கணக்கே இருக்காது.

ஐந்துக்கு நான்கு. வாங்கும்போது அகன்ற வாய் பிப்பெட் முனைகள் ஒரு பெட்டியும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.