எடைச்சீட்டு ஒன்றுகூட விடுபடாமல் எடுக்க: எலாஸ்டிக்சர்ச்சின் மூன்று வழிகள்

மண்டபத்தில் ஒரு கடல் உணவுக் கொள்முதல் நிறுவனத்துக்காக, மீன், இறால், நண்டு எடைச்சீட்டுகளை எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் தரவுத்தளத்தில் தேடித் தரும் மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். திரையில் இருபது சீட்டுகளைக் காட்டுவது எளிது. மாதக் கணக்குக்காக மொத்தச் சீட்டுகளையும் வெளியே எடுக்கும்போதுதான் எந்த வழியில் எடுக்கிறோம் என்பது பணப் பிரச்சினையாகிறது.

எத்தனை சீட்டுகளைத் தாண்ட வேண்டும் (ஃப்ரம்), எத்தனை வேண்டும் (சைஸ்) என்ற இரு எண்களைக் கொடுத்துப் பக்கம் பக்கமாக எடுப்பதே எல்லோரும் முதலில் கற்கும் வழி. 5 ஷார்டுகளாக, அதாவது துண்டுகளாகப் பிரித்துவைத்த இண்டெக்ஸில் (சீட்டுகளின் தொகுப்பில்) 9,990 சீட்டுகளைத் தாண்டி அடுத்த 10 வேண்டும் என்றால், ஒவ்வொரு ஷார்டும் 10,000 சீட்டுகளை வரிசைப்படுத்த, அவற்றை ஒருங்கிணைக்கும் நோடு (சர்வர்) 50,000-ஐயும் ஒப்பிட்டுப் பத்தைத் தந்துவிட்டு மற்றவற்றைக் கழித்துவிடும். இரு எண்களின் கூட்டுத்தொகைக்கு 10,000 என்ற இயல்பு வரம்பு இதற்காகவே இருக்கிறது. அதை உயர்த்திச் சமாளிப்பவர்கள் உண்டு. சர்வரின் மெமரியைப் பணயம் வைக்கும் அந்தக் காரியத்தை நான் செய்யமாட்டேன்.

இந்த வழியின் பெரிய குறை சத்தமில்லாமல் நடப்பது. எங்கள் மாதக் கணக்கு நிரலை நான் மே மாதத்தில் எழுதினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடந்தன. நாட்டுப்படகுச் சீட்டுகள் மட்டுமே வந்ததால் எல்லாம் சரியாகவே தெரிந்தது. தடை முடிந்து படகுகள் இறாலோடு திரும்பிய விடிகாலையில், கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய சீட்டுகள் பட்டியலின் தலையில் ஏறின. ஏழாம் பக்கத்தின் கடைசிச் சீட்டு எட்டாம் பக்கத்தின் முதல் சீட்டாக மறுபடி வந்து, ஒரே படகின் மீன்பாடு இருமுறை கணக்கானது. இடையில் ஒரு சீட்டு ரத்தானால் நிலைமை தலைகீழாகும்: அடுத்த பக்கத்தின் முதல் சீட்டு முன்பக்கத்துக்கு நகர்ந்து, யார் கண்ணிலும் படாமல் போகும். இரவெல்லாம் கடலில் கிடந்து வந்தவரின் உழைப்பு அப்படி விடுபடுவதை என்னால் ஏற்க முடியாது.

இரண்டாவது வழி, தொகுதி தொகுதியாகத் தரும் ஸ்க்ரோல் முறை. தொடங்கிய நொடியின் நிலையை அப்படியே பிடித்துவைப்பதால் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் எவ்வளவு தூரம் வந்தோம் என்பது சர்வரிடம் மட்டுமே இருக்கிறது. மழைக்காலத்தில் இணைப்பு அறுந்து ஒரு தொகுதி வழியில் தொலைந்தால், மறுபடி கேட்கும்போது அடுத்த தொகுதிதான் வரும். எலாஸ்டிக்சர்ச்சின் ஆவணங்களே ஆழமாகப் பக்கம் புரட்ட இதை இப்போது பரிந்துரைப்பதில்லை.

மூன்றாவது வழியே என் தேர்வு: ஒரு நொடியின் நிலையை உறையவைக்கும், 7.10 பதிப்பில் வந்த பாயிண்ட் இன் டைமோடு, கடைசியாகப் பெற்ற சீட்டுக்கு அடுத்ததிலிருந்து தரும் சர்ச் ஆஃப்டரைச் சேர்த்துப் பயன்படுத்துவது. இதிலும் நிலை உறைந்திருக்கும். ஆனால் கடைசிச் சீட்டின் வரிசை மதிப்புகள் (எடை போல, எதை வைத்து வரிசைப்படுத்தினோமோ அவை) நம் கையில் இருப்பதால், தொலைந்த தொகுதியை அதே மதிப்புகளை அனுப்பித் திரும்பப் பெறலாம். பாயிண்ட் இன் டைம் இல்லாமல் எடையை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால், 42.5 கிலோவில் இரண்டு சீட்டுகள் இருந்து ஒன்று தொகுதியின் ஓரத்தில் நிற்கும்போது மற்றது தாண்டப்பட்டுவிடும். அதனால் சீட்டு எண்ணை வரிசைப்படுத்தும் இரண்டாம் அளவுகோலாக எப்போதும் சேர்க்கிறேன். ஒவ்வொரு பதிலிலும் வரும் பாயிண்ட் இன் டைம் அடையாளங்களில் கடைசியானதையே அடுத்து அனுப்ப வேண்டும், வேலை முடிந்ததும் பாயிண்ட் இன் டைமை மூட வேண்டும். மூடாவிட்டால் ஸ்க்ரோலைப் போலவே பழைய செக்மென்டுகள் (தரவுக் கோப்புகள்) டிஸ்க்கில் தேங்கும். நாற்பதாம் பக்கத்துக்கு நேரே தாவ முடியாது என்பது குறைதான். மொத்தமாக எடுப்பவருக்கு அது தேவைப்படுவதில்லை.

7.0 பதிப்பு முதல், பதிலில் வரும் மொத்தச் சீட்டு எண்ணிக்கையும் இயல்பாக 10,000-இல் நின்றுவிடுவதால், முதல் கேள்வியிலேயே துல்லிய எண்ணிக்கையைக் கேட்டு வாங்கி, கோப்பில் எழுதிய வரிகளோடு ஒப்பிடுகிறேன். ஒரு வரி வேறுபட்டாலும் அந்தக் கோப்பு கணக்கரிடம் போவதில்லை.