ஹிப்ஹாப் தமிழா ஆதி: டிக்கெட் காசுக்கு என்ன கிடைக்கிறது?

ஹிப்ஹாப் தமிழா ஆதி நடித்த படத்துக்கு டிக்கெட் எடுப்பவர், ஒரே கட்டணத்தில் நாயகனையும் ராப் பாடகரையும் இசையமைப்பாளரையும் பாடலாசிரியரையும் சேர்த்தே வாங்குகிறார்; சில படங்களில் இயக்குநரும் அவரே. 2017 முதல் 2024 வரை அவர் நாயகனாக நடித்து வெளிவந்த படங்கள் எட்டு. அவற்றில் மூன்றை அவரே இயக்கியிருக்கிறார். இந்தப் படங்களையும் அவற்றுக்கு முன்னும் பின்னும் வந்த பாடல்களையும், பணமும் நேரமும் செலவிடும் ஒரு நுகர்வோரின் கண்ணோட்டத்தில் மதிப்பிடுவதே இங்கே நோக்கம். கேட்பவரை எதிரில் உட்காரவைத்து, நண்பனிடம் பேசுவதுபோல் நேரடியாகப் பேசுவதுதான் ஆதியின் உண்மையான திறமை என்பது என் முடிவு. அந்தத் திறமைக்கு இடம்கொடுத்த படங்கள் காசுக்குத் தகுந்தவையாக இருக்கின்றன. அவரை வேறொரு மனிதராக மாறச் சொன்ன படங்கள் பெரும்பாலும் ஏமாற்றுகின்றன.

கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆதியும் அவருடைய கூட்டாளி ஜீவாவும் சேர்ந்த இருவர் குழுவே ஹிப்ஹாப் தமிழா. மக்கள் அந்தப் பெயரை ஒற்றை ஆளின் பெயராகவே புழங்குகிறார்கள். திரையில் முகம் காட்டுபவர் ஆதி என்பதால் ஜீவாவின் பங்கு பலருடைய கணக்கில் வராமலே போய்விடுகிறது. 2011இல் வானொலி நிகழ்ச்சியொன்றில் பாடப்பட்ட 'கிளப்புல மப்புல' யூடியூபில் பரவியதுதான் தொடக்கம். 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பம் 2012இல் வந்தது. தமிழில் ராப் அவர்களிடம்தான் பிறந்தது என்று சொல்வது சரியாகாது. 1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' இருக்கிறது. மலேசியாவிலிருந்து யோகி பி குழுவினர் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' இருக்கிறது. ஆதி புதிதாகக் கொண்டுவந்தது தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதியின் பேச்சுமொழி. அந்நிய உச்சரிப்பைப் பூசிக்கொள்ளாமல், பேருந்திலும் கேன்டீனிலும் பேசுகிற அதே தொனியில் தாளத்துக்குள் சொற்களை அடுக்கிக் காட்டியதால்தான், ராப் என்றால் என்னவென்று அறியாத மாணவர்களும் அந்த வரிகளை மனப்பாடம் செய்தார்கள்.

அந்தத் தொடக்கப் பாடலை இன்று திரும்பக் கேட்டால் தாளத்தைவிட அதன் பார்வைதான் முதலில் உறுத்துகிறது. குடிக்கும் பெண்ணைக் கண்டு வருந்தும் அண்ணனின் அறிவுரையாக அது ஒலிக்கிறது. அருகிலேயே குடித்துக்கொண்டிருக்கும் ஆணைப் பற்றி அதற்குப் பெரிதாகக் கவலையில்லை. இந்த விமர்சனம் பாடல் வந்த காலத்திலேயே எழுந்தது. ஆகவே, ஆரம்பகாலப் பாடல்களை ஒரு காலகட்டத்தின் பதிவாகக் கேட்கலாமே தவிர, புதிதாகக் கேட்க வருபவருக்கு அவற்றை முதலில் எடுத்து நீட்ட மாட்டேன்.

திரையிசைக்குள் அவர்கள் நுழைந்தது அனிருத் இசையமைத்த படங்கள் வழியாக. 2013இல் 'எதிர்நீச்சல்', 2014இல் 'கத்தி' ஆகிய படங்களின் பாடல்களில் ஆதியின் குரல் விருந்தாளியாக வந்தது. 2015 பொங்கலுக்கு வெளியான 'ஆம்பள' படத்தில் இசையமைப்பாளராக அறிமுகமாகி, அதே ஆண்டிலேயே 'இன்று நேற்று நாளை', 'தனி ஒருவன்' ஆகிய படங்களையும் முடித்துவிட்டார்கள். இவற்றில் 'தனி ஒருவன்' இசையை ஆதியின் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த பணியாகக் கருதுகிறேன். நாயகனுக்குத் துள்ளல் பாட்டு போடுவது எவருக்கும் கைவரும் வேலை. வில்லனின் அறிவையும் ஆணவத்தையும் இசையாக்குவது அப்படியல்ல. 'தீமைதான் வெல்லும்' பாடலில் அரவிந்த்சாமியின் நிதானமான குரலையே கருவியாகப் பயன்படுத்தி, அதன்மேல் கனத்த தாளத்தை ஏற்றியபோது, சித்தார்த் அபிமன்யு என்ற பாத்திரம் திரையில் இல்லாத நேரத்திலும் காதில் நடமாடத் தொடங்கிவிட்டது. வேறொருவர் எழுதிய கதைக்குள், வேறொருவர் இயக்கத்தில், தம் முகத்துக்கு வேலையே இல்லாத இடத்தில் செய்யப்பட்ட பணி இது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இப்பாடல்களைக் கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டு மதிப்பிடுவது நியாயமில்லை; அடித்தாளத்தின் கனம் நல்ல இயர்போனிலோ காரிலோதான் தெரியும்.

நடிகராக அவர் அறிமுகமான 'மீசைய முறுக்கு' (2017) அவரே எழுதி இயக்கிய படம். தயாரித்தவர் சுந்தர் சி. பொறியியல் படிக்கும் கோவை இளைஞன் ஒருவன் இசையில் சாதிக்கத் தந்தையிடம் ஓராண்டு அவகாசம் பெற்றுச் சென்னைக்கு வருகிறான் என்பது கதை. பெருமளவு சொந்தக் கதைதான். இதில் நடிப்பு என்று தனியாக எதுவும் கோரப்படவில்லை. தமக்கு நேர்ந்ததைத் தம் குரலிலேயே சொன்னால் போதும். அதனால்தான் படம் நிற்கிறது. கல்லூரிக் காட்சிகளில் இருக்கும் கேலியும் கூச்சலும் எழுதிவைத்து நடித்தவையாகத் தோன்றவில்லை. தந்தையாக வந்த விவேக் சிரிப்பைக் குறைத்துக்கொண்டு, மகனின் ஆசைக்கும் குடும்பத்தின் கவலைக்கும் நடுவில் நிற்கும் நடுத்தர வர்க்கத்து அப்பாவைக் கண்முன் நிறுத்தியிருக்கிறார். அவருடைய பிற்காலப் படங்களில் நான் மிகவும் மதிக்கும் நடிப்பு இது. காதல் பகுதியின் முடிவு மட்டும் அவசரமாகவும், பெண்ணின் பக்கத்து நியாயத்தை எட்டிப் பார்க்காமலும் இருக்கிறது.

'நட்பே துணை' (2019) காரைக்காலில் நடக்கும் ஹாக்கிக் கதை; மைதானத்தைக் காப்பாற்றும் இளைஞர்கள், அதைப் பறிக்க நினைக்கும் அரசியல்வாதியாகக் கரு. பழனியப்பன் என்று நன்றாகவே ஓடுகிறது, ஆனால் அதிலுள்ள நினைவில் நிற்கும் வசனங்கள் பழனியப்பனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டன. 'நான் சிரித்தால்' (2020) வேறு வகை. பதற்றம் வந்தால் அழுகைக்குப் பதிலாகச் சிரிப்பு வெடிக்கும் கோளாறு நாயகனுக்கு. பயிற்சி பெற்ற நடிகருக்கே சவாலான பாத்திரம். சிரிப்பு ஒவ்வொரு முறையும் வேறு வேறு துயரத்திலிருந்து கிளம்ப வேண்டும். ஆதியிடம் அது ஒரே சிரிப்பாகவே திரும்பத் திரும்ப வருகிறது. தொடக்கத்தில் நம்மையும் தொற்றிக்கொள்ளும் அந்தச் சிரிப்பு, இடைவேளைக்குப் பிறகு பொறுமையைச் சோதிக்கிறது.

காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் குடும்பத்தை மையமாக்கி அவரே இயக்கிய 'சிவகுமாரின் சபதம்' (2021), நேரடியாக ஓடிடியில் வந்த இரட்டை வேடப் படமான 'அன்பறிவு' (2022) ஆகிய இரண்டையும் தவிர்த்துவிடலாம். முதல் படத்தில் தறியின் உலகம் கதைக்குள் இறங்காமல் பின்னணித் திரையாகவே நின்றுவிடுகிறது. இரண்டாவதில் அண்ணனும் தம்பியும் உடையாலும் மீசையாலும்தான் வேறுபடுகிறார்கள். இசையமைப்பாளராக இருந்து நாயகனான விஜய் ஆண்டனி, தம் முகத்தின் இறுக்கத்தை உணர்ந்து பேச்சுக் குறைந்த பாத்திரங்களைத் தேடிக்கொண்டவர், ஜி.வி. பிரகாஷ் குமார் பிற இயக்குநர்களிடம் தம்மை ஒப்படைத்துப் படிப்படியாகக் கற்றவர். ஆதியோ தம் மிகப் பெரிய பலமான பேச்சை எல்லா வேடத்துக்கும் ஒரே அளவில் எடுத்து வைக்கிறார்.

இந்த வரிசையில் நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கும் படம் 'வீரன்' (2023). 'மரகத நாணயம்' எடுத்த ஏ.ஆர்.கே. சரவண் இயக்கியது. சிறுவயதில் மின்னல் தாக்கிய ஒருவன் வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பி, கிராமத்துக் காவல்தெய்வமான வீரனின் உருவத்தில் குதிரையேறி, ஊரை விழுங்க வரும் நிறுவனத்தை எதிர்க்கிறான். சூப்பர்ஹீரோ கதைக்கு மேலைநாட்டு முகமூடியைக் கடன் வாங்காமல், நம் ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் சாமியிடமே அந்த உருவத்தைக் கேட்டு வாங்கியதுதான் இப்படத்தின் புத்திசாலித்தனம். சாமி இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியைப் பக்திப் பரவசமாகவும் ஆக்காமல் நையாண்டியாகவும் ஆக்காமல் கடைசிவரை கொண்டுசெல்கிறார் இயக்குநர். முனீஷ்காந்தும் காளி வெங்கட்டும் வரும் காட்சிகளில் அரங்கம் முழுக்கச் சிரிப்பு எழுவதற்கு உத்தரவாதம் உண்டு. வேடம் தரித்த பிறகு நாயகன் அதிகம் பேச வேண்டியதில்லை என்பது ஆதிக்கு எதிர்பாராத நன்மையாக அமைந்துவிட்டது. கிராபிக்ஸ் காட்சிகளில் சிக்கனம் தெரிகிறது. குழந்தைகளுக்கு அது ஒரு பொருட்டாக இராது.

'பி.டி. சார்' (2024) குடும்பத்தோடு பார்க்க அமர்பவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு: சுவரொட்டியில் தெரியும் கலகலப்பைத் தாண்டி, படம் பாலியல் சீண்டலைப் பற்றியது. ஈரோட்டில் ஒரு தனியார் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர், வம்புக்குப் போகாமல் ஒதுங்கி வாழ்பவர், தமக்குத் தெரிந்த பெண்ணுக்கு நேர்ந்த அநீதிக்காகத் தாம் வேலை பார்க்கும் நிர்வாகத்தையே எதிர்க்கிறார். பாதிக்கப்பட்டவளைக் கேள்வி கேட்கும் அக்கம்பக்கத்தையும் உறவையும் படம் விட்டுவைக்கவில்லை. அந்தத் துணிவு பாராட்டுக்குரியது. இறுதிப் பகுதியில் நாயகன் பார்வையாளரை நோக்கித் திரும்பி உபதேசம் செய்யத் தொடங்கும்போதுதான் சிக்கல். மேடையில் மைக் பிடித்த ராப் பாடகருக்கு இது இயல்பு. நீதிமன்றத்திலும் குடும்பத்திலும் மாட்டிக்கொண்ட ஒரு பள்ளி ஆசிரியருக்கு இயல்பில்லை.

'கடைசி உலகப் போர்' (2024) அளவில் அவருடைய மிகப் பெரிய முயற்சி. எழுத்து, இயக்கம், தயாரிப்பு, இசை, நடிப்பு என அனைத்தையும் தாமே சுமந்தார். 2028இல் உலக நாடுகள் அணி பிரிந்து மோத, சென்னை அந்நியப் படைகளின் பிடியில் சிக்குகிறது. தமிழில் இப்படியொரு கற்பனைக்குப் பெரிய தயாரிப்பாளர்களே அஞ்சுவார்கள் என்பதால் முயற்சிக்கு மதிப்பெண் தந்தாக வேண்டும். உள்ளூர் அரசியல் பேரங்களைக் காட்டும் முதல் பாதியும், அதில் நட்டி ஏற்ற சூத்திரதாரிப் பாத்திரமும் சுவையானவை. போர் தொடங்கியபின் படம் ஒரு வளாகத்துக்குள் சுருங்கி, உலகம் எரிகிறது என்பதைப் பேச்சிலேயே நம்பச் சொல்கிறது. ஐந்து பொறுப்புகளில் இரண்டை வேறு எவரிடமாவது கொடுத்திருந்தால் படம் இன்னும் செறிவாக வந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நாயக வேடங்கள் பெருகிய அதே காலத்தில் இசை தேய்ந்தது என்று சிலர் சொல்வதை முழுவதும் ஏற்க முடியாது. 2024இல் சுந்தர் சியின் 'அரண்மனை 4' படத்துக்காகப் போட்ட 'அச்சச்சோ' பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. ஆயினும் தம் சொந்தப் படங்களுக்கு அவர் அமைக்கும் பாடல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. நண்பர்கள் பாட்டு, காதல் தோல்விப் பாட்டு, எழுச்சிப் பாட்டு என்ற மூன்று அச்சுகளுக்குள்ளேயே அவை சுழல்கின்றன. திரைக்கு வெளியே அவர் செய்த தனிப்பாடல்களில் இந்த அலுப்பு குறைவு. 'டக்கரு டக்கரு' 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட இளைஞர்களின் பாட்டாகவே ஆகிவிட்டது; போராட்டம் முடியும் முன்பே அதிலிருந்து விலகுவதாக அவர் காணொளி வெளியிட்டபோது அதே ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து வாதிட்டதும் நினைவிருக்கும். 2020இல் வந்த 'நா ஒரு ஏலியன்' ஆல்பம், நாயகனாக நிற்க வேண்டிய கட்டாயமில்லாத ஆதியைக் கேட்க விரும்புவோருக்கு ஏற்றது.

இன்றைய கேட்பவருக்குத் தேர்வுகள் கூடிவிட்டன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ராப் பாடகர் அறிவு எழுதிய வரிகளில் இருக்கும் சாதி, நிலம், உழைப்பு பற்றிய கூர்மை ஆதியிடம் கிடைக்காது. ஆதியின் தமிழ்ப்பற்று எவரையும் நோகடிக்காத, எல்லோரும் கைதட்டக்கூடிய பற்று. அதுவே அவருடைய விரிந்த சந்தைக்கும் காரணம், அவருடைய எல்லைக்கும் காரணம். இசைத் தொழில்முனைவு பற்றி ஆராய்ந்து 2023இல் முனைவர் பட்டம் பெற்றவருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்காது. அந்தப் பற்று ஆரவாரமின்றி உழைப்பாக மாறிய இடம் ஒன்று உண்டு: தமிழ் எழுத்தின் வரலாற்றைத் தேடிச் செல்லும் 'தமிழி' என்ற ஆவணத் தொடர். 2019இல் யூடியூபில் வெளியான அதைப் பார்க்கக் கட்டணம் ஏதுமில்லை. பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீட்டில், ஆதியின் படம் எதற்கும் டிக்கெட் எடுப்பதற்கு முன் இதைப் போட்டுக் காட்டலாம்.