கோப்புறையா, குறிச்சொல்லா, இணைப்புப் பக்கமா?

பினாங்கில் எங்கள் சங்கத்துப் பழைய தாள்களை ஸ்கேன் செய்து முடித்தபோது 4,000-க்கு மேல் கோப்புகள் சேர்ந்துவிட்டன. கூட்டக் குறிப்பு, திருவிழா மலர், நன்கொடை ரசீது, செய்தித்தாள் நறுக்கு எல்லாம் ஒரே வன்தட்டில். ஒருநாள் ஒரு பெரியவர் வந்து, "தண்ணீர்மலைக் கோயிலுக்கு எங்கப்பா பணம் கட்டின ரசீது இருக்கா தம்பி?" என்று கேட்டார். இருந்தது. தேடி எடுக்க இரண்டு நாள் ஆனது.

காரணம் ஊர்ப்பெயர்தான். நம் ஆட்கள் தண்ணீர்மலை என்பதை ஆங்கிலக் கடிதங்கள் வாட்டர்ஃபால் என்கின்றன; மலாய்க் கடிதங்களில் ஜாலான் கெபுன் பூங்கா என்ற சாலைப்பெயர்தான் வரும். அதன் பிறகு கோப்புறை, குறிச்சொல், இணைப்புப் பக்கம் என்ற மூன்று வழிகளையும் வைத்துப் பார்த்தோம்.

கோப்புறை எல்லாருக்கும் பழகினது. ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் கோப்புக்குப் பெயர் வைத்தால் (1958-01-12 என்பதுபோல்) கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும். எந்த மென்பொருளும் வேண்டாம். ஆனால் ஒரு தாள் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். அந்த ரசீதைக் கோயிலுக்குள் வைப்பதா, குடும்பத்துக்குள் வைப்பதா? இரண்டிலும் நகல் வைத்தோம். ஒன்றில் திருத்தியது இன்னொன்றில் ஏறவில்லை.

குறிச்சொல் என்பது ஆவணத்தின் மேல் ஒட்டும் அடையாளச் சொல். அதற்கு ஸோட்டேரோ என்ற ஆவணத் தொகுப்பு மென்பொருளை எடுத்துக்கொண்டோம். இலவசம். ஒரே ஆவணத்தை நகல் எடுக்காமல் பல தொகுப்புகளில் காட்டலாம், எத்தனை குறிச்சொல் வேண்டுமானாலும் ஒட்டலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கோப்பு இடம் 300 எம்.பி. மட்டும், ஸ்கேன் படங்களுக்கு அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது என்பதால் கோப்புகளை எங்கள் வன்தட்டிலேயே வைத்தோம். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஒருவர் 'கோயில்' என்று ஒட்டினார், இன்னொருவர் 'கோவில்' என்றார், மூன்றாமவர் 'ஆலயம்'. சொற்பட்டியலை முதலிலேயே எழுதி மேசையில் ஒட்டியிருக்க வேண்டும்.

சரி, எழுத்துணரி (ஸ்கேன் படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருள்) வைத்துத் தேடினால் போதாதா என்று இளையவர்கள் கேட்டார்கள். பழைய அச்சில் 'லை' இன்றைய வடிவில் இல்லை. யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்பு எழுத்தின் தலையில் நிற்கும். எங்கள் எழுத்துணரி அந்த எழுத்தில் அடிக்கடி தடுமாறியது. 'தண்ணீர்மலை' என்று தேடினால் எந்த மலரில் அந்தச் சொல் நிறைந்திருக்கிறதோ அதுவே சிக்காமல் போனது.

மூன்றாவது, இணைப்புப் பக்கம். அப்சிடியன் என்ற குறிப்பெழுதும் மென்பொருளில் ஒவ்வோர் ஆளுக்கும் இடத்துக்கும் ஒரு சிறு பக்கம் எழுதினோம். பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால் அது இணைப்பாகிவிடும். எந்தெந்தப் பக்கங்கள் இங்கே கைகாட்டுகின்றன என்று அதுவே திருப்பிக் காட்டும். ஒரு பக்கத்துக்கு மாற்றுப்பெயர்களும் கொடுக்கலாம்: தண்ணீர்மலை என்று தட்டினாலும் வாட்டர்ஃபால் என்று தட்டினாலும் ஒரே பக்கம். 80 பக்க மலரில் 37-ஆம் பக்கத்துக்கே நேராக இணைப்பு தரவும் முடிகிறது. எழுதியதெல்லாம் வெறும் உரைக் கோப்புகள். நாளைக்கு அந்த மென்பொருள் இல்லாமல் போனாலும் வேறு எதிலும் திறந்து படிக்கலாம்.

வேலை அதிகம், மறைக்கவில்லை. ஒரு மலருக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். ஆனாலும் என் கை இதன் பக்கம்தான். ரசீதில் உள்ள 'மு. க.' யார் என்பதைக் கோப்புறையும் சொல்லாது, குறிச்சொல்லும் சொல்லாது. அது தெரிந்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் சொல்வதை எழுதிவைக்க ஓர் இடம் வேண்டும்; அந்த இடம் இந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

இப்போது கோப்புகளைத் தேதிப்பெயரோடு சாதாரணக் கோப்புறைகளில் வைத்திருக்கிறோம். இணைப்புப் பக்கங்கள் அவற்றின் மேல் நிற்கின்றன. குறிச்சொல்லைக் கைவிட்டோம். சனிக்கிழமை தோறும் இரண்டு பெரியவர்கள் வந்து திரைமுன் உட்காருகிறார்கள். அந்த ரசீதுக்காரரின் அப்பாவுக்கும் ஒரு பக்கம் திறந்தாயிற்று. போன வாரம் அதில் மூன்றாவது இணைப்பு ஏறியது: ஒரு மலரின் நன்கொடையாளர் பட்டியலில் அவர் பெயர்.