புது ஸ்டியரிங் ராடு என்று சொல்லி வெல்டிங் வைத்துக் கொடுத்தார்கள்: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனம்

பணம் போனதுகூட எனக்குப் பெரிதில்லை. பத்து நாள் என் பிள்ளைகளை எப்படிப்பட்ட வண்டியில் உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது 2008 வேகன் ஆர் எல்எக்ஸ்ஐ. பவர் ஸ்டியரிங் உண்டு, ஏர்பேக் கிடையாது. போன ஐப்பசி மழையில் தாம்பரம் தாண்டி, தண்ணீருக்குள் மறைந்து கிடந்த மீடியனில் வலது முன்சக்கரம் ஏறி இடித்தது. அந்த வேகத்தில் என் நெஞ்சு ஸ்டியரிங்கில் போய் மோதியது. எனக்குக் கன்றிப்போனதோடு சரி. வண்டியில்தான் கோளாறு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஓர் இடத்தில் பிடித்துக்கொண்டு, பிறகு ‘டொக்’ என்று விட்டது.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன், தன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். ஆபீஸ் போக வண்டி வேண்டுமே என்ற அவசரத்தில் வேறொரு பட்டறையில் விட்டேன். “காலம் அசெம்பிளியே போச்சு சார். கம்பெனி பீஸ் புதுசு போட்டுடலாம். லேபரோட சேர்த்து 27,500” என்றார் ஓனர். ஸ்டியரிங் வீலைக் கீழே சக்கரங்களோடு இணைக்கும் தண்டும் அதைச் சுற்றிய குழாயும் சேர்ந்ததுதான் ஸ்டியரிங் காலம் (column). பேச்சில் ராடு என்போம். மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ்: “புது பார்ட் வந்துடுச்சு சார், சாயங்காலம் வண்டி எடுத்துக்கலாம்.” போனேன், ஜிபேயில் பணம் போட்டேன், எடுத்து வந்தேன். பழைய ராடைக் கொடுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. என் தவறு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

ஸ்டியரிங் கல்லைப் போலக் கனத்தது. கேட்டதற்கு, “புது பார்ட் சார், செட் ஆக நாலஞ்சு நாள் ஆகும்” என்றார். நேராகப் போகும்போது வீல் இடது பக்கம் சாய்ந்தே நின்றது. வண்டிக்குள் இரண்டு நாள் பெயிண்ட் வாசனை. புதுப் பொருளின் வாசனை என்று நம்பினேன். அந்த வண்டியில்தான் வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் போய் வந்தேன்.

அண்ணன் ஊரிலிருந்து வந்ததும் கொண்டுபோய்க் காட்டினேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தார். மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தவர், “சார், இபிஎஸ் லைட்டே எரியலையே?” என்றார். இபிஎஸ் என்றால் மின்சார பவர் ஸ்டியரிங். சாவி போட்டதும் அந்த விளக்கு எரிய வேண்டும், இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் பவர் ஸ்டியரிங்கில் கோளாறு. சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் விளக்கையே யாரோ கழற்றியிருக்கலாம். மீட்டரைப் பிரித்தபோது அந்த இடத்தில் மட்டும் பல்பு இல்லை.

பிறகு டிரைவர் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “சார், நீங்களே வந்து பாருங்க.” நானும் படுத்தேன். கறுப்பு ஸ்பிரே பெயிண்ட் பளபளவென்று இருந்தது. அவர் கட்டைவிரல் நகத்தால் சுரண்ட, பெயிண்ட் சுருள் சுருளாக உரிந்தது. அடியில், குழாயைச் சுற்றி மெழுகு வழிந்து உறைந்த மாதிரி மேடும் பள்ளமுமாக வெல்டிங். அதற்கு ஒரு சாண் மேலே, ஒயர் கனெக்டரில் பச்சை டேப். “இது போன வருஷம் ஒயரிங் பார்த்தப்ப நான் சுத்தின டேப் சார். ராடு மாத்தவே இல்ல. உங்க பழசையே தட்டி நிமுத்தி, பத்த வச்சிருக்கான்.” நாம் எவ்வளவு பலமாகத் திருப்புகிறோம் என்று பவர் ஸ்டியரிங்குக்குச் சொல்லும் டார்க் (torque) சென்சார் பக்கத்திலேயே இருக்கிறது, அந்தச் சூட்டில் அது செத்திருக்க வேண்டும் என்றார். ஸ்டியரிங் கனத்ததற்கும், அந்தப் பல்பு காணாமல் போனதற்கும் காரணம் அதுதான்.

இது ஏன் சாதாரண ஏமாற்று இல்லை என்று சொல்லிவிடுகிறேன். முன்னால் பலமாக மோதினால் ஸ்டியரிங் காலம் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சுருங்கும்படிதான் செய்திருப்பார்கள். ஓட்டுபவரின் நெஞ்சில் ஈட்டியாகப் பாயக் கூடாது என்பதற்காக. ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல் கார்களில் அதைக் கொண்டுவந்தது. 1968 ஜனவரி முதல் அமெரிக்காவில் இதற்கென்றே பாதுகாப்பு விதிகள் அமலுக்கு வந்தன. நுழைய வேண்டிய அந்த இடத்தை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டால் அது வெறும் இரும்புக் கம்பி. அடுத்த மோதலில் சுருங்காது. குழாய்க்குள் சுழலும் தண்டில் வைத்த வெல்டிங் விட்டுப்போனாலோ இன்னும் மோசம். வீல் கையில் சுற்றும், டயர் திரும்பாது.

அந்தப் பட்டறைக்குப் போய்க் கேட்டேன். “வண்டி ஓடுதுல்ல சார்? பழைய வண்டிக்கு எவன் சார் புதுசு போடுவான்?” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சத்தம் போட்டு 8,000 ரூபாய்தான் திரும்ப வாங்க முடிந்தது. அவர் தந்த ரசீதில் ‘ஸ்டியரிங் வேலை’ என்று ஒரே வரி, பார்ட் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. ஆனால் வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது, ஜிபே விவரம் இருக்கிறது, போட்டோக்கள் இருக்கின்றன. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.

புது அசெம்பிளியை சேசிஸ் நம்பர் சொல்லி கம்பெனி டீலரின் ஸ்பேர்ஸ் கவுண்டரில் ஆர்டர் செய்தேன். வர ஒன்பது நாள் ஆனது. பெட்டியை என் முன்னால் பிரித்தார் அண்ணன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றினார், சக்கரங்களை நேராக நிறுத்தினார், கீழே தண்டு போய்ச் சேரும் கிராஸ் ஜாயின்ட்டிலும் தண்டிலும் வெள்ளை பெயிண்டால் கோடு போட்டுவிட்டுத்தான் போல்ட்டில் கை வைத்தார். முன்பு வீல் சாய்ந்து நின்றதற்கு, அப்படிக் குறி வைக்காமல் தண்டின் பற்களை இடம் மாற்றி மாட்டியதே காரணமாம்.

உங்களுக்கு யாராவது ஸ்டியரிங் வேலை செய்து கொடுத்திருந்தால், பவர் ஸ்டியரிங் வண்டியானால் நாளைக் காலை சாவியை மட்டும் ஆன் செய்து அந்த விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எந்த வண்டியானாலும் டார்ச் எடுத்துக் குனிந்து பாருங்கள். புதுசாகப் பெயிண்ட் அடித்திருந்தால் சுரண்டிப் பாருங்கள். வேலைக்கு விடும்போதே, கழற்றிய பழைய சாமான் எனக்கு வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டுவிடுங்கள்.

என் பழைய ராடு சாக்கில் சுற்றிப் பரண்மேல் இருக்கிறது. காயலாங்கடைக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஆணையத்தில் காட்டும்வரை அது வீட்டை விட்டுப் போகாது.